ஏறி இறங்கும் கணக்கு: ஸ்ரெப் ஏரோபிக்ஸ் தொடங்குவோருக்குச் சில விளக்கங்கள்



எங்கள் வானொலியில் உடல்நலம் பற்றி எந்த நிகழ்ச்சி போனாலும், அதற்குப் பின் வருகின்ற கேள்வி பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். "எடையைக் குறைக்க வேண்டும். பலெஸ்த்ராவுக்குப் போக நேரமும் இல்லை, கூச்சமாகவும் இருக்கிறது. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதாக ஏதாவது உண்டா?" உண்டு. அரைச் சாண் உயரமுள்ள ஒரு பலகையும், இரண்டு சப்பாத்தும், தாளம் பிசகாத ஒரு பாட்டும் இருந்தால் போதும். அந்தப் பயிற்சிக்குப் பெயர் ஸ்ரெப் ஏரோபிக்ஸ். தமிழில் படிப் பயிற்சி என்று சொல்லலாம். அதை எப்படித் தொடங்குவது, அதிலிருந்து எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதே இம்மாத உரையின் விடயம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியன் அல்ல, கணக்கெழுதுபவன். ஆனால் உடல் எடை என்பது ஒரு வகையில் வரவு செலவுக் கணக்குத்தான். அந்த வகையில் எனக்குத் தெரிந்த வழியில் விளக்குகிறேன். உங்கள் உடம்புக்கு எது பொருத்தம் என்பதை உங்கள் குடும்ப வைத்தியரே சொல்ல வேண்டும்.

பால் பெட்டியில் பிறந்த பயிற்சி

படியில் ஏறி இறங்கி உடம்பின் வலுவைச் சோதிப்பது பழைய வழக்கம். 1943 இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் லூசியன் புரூஹா என்பவர் இளைஞர்களின் தகுதியைக் கணிக்க ஒரு சோதனையை வெளியிட்டார். 20 அங்குல உயரமான வாங்கில் நிமிடத்துக்கு 30 தடவை வீதம் 5 நிமிடம் வரை ஏறி இறங்க வேண்டும். பின்னர் நாடித் துடிப்பு எவ்வளவு விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். அது இளைஞர்களுக்கான கடுமையான சோதனை. நாங்கள் அதைச் செய்து பார்க்கத் தேவையில்லை.

இன்று நாம் அறிந்த ஸ்ரெப் ஏரோபிக்ஸ் 1989 ஆம் ஆண்டளவில் உருவானது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உடற்பயிற்சி கற்பித்துவந்த ஜின் மில்லர் என்ற பெண்மணிக்கு முழங்காலில் காயம். முழங்காலைத் தாங்கும் தசைகளைப் பலப்படுத்த, பால் அடுக்கும் பெட்டி ஒன்றில் ஏறி இறங்கும்படி அவருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. அவர் அதைச் செய்யும்போது இசையையும் சேர்த்துக்கொண்டார். அதுவே ஒரு பயிற்சி முறையாக வளர, ரீபொக் நிறுவனம் பலகையைத் தயாரித்து உலகெங்கும் கொண்டுசென்றது. முழங்கால் நோவுக்கு அஞ்சி உடற்பயிற்சியை ஒதுக்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். இந்தப் பயிற்சியின் தொடக்கமே முழங்காலைத் திருத்துவதற்காகத்தான். ஆனால் முறை தவறிச் செய்தால் அதே முழங்காலை இது கெடுக்கவும் கூடும். அதனால்தான் முறையைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

"நாள் முழுக்க வேலைதானே செய்கிறோம்?"

பலெர்மோவில் எங்கள் ஆட்களில் கணிசமானோர் வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, உணவகக் குசினி போன்ற வேலைகளில் இருக்கிறார்கள். உடம்பை வைத்தே உழைப்பவர்களிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால், "காலை ஏழு மணிக்கு வெளிக்கிட்டால் இரவு வரை நின்ற நிலை. இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் வேலை வேறு, பயிற்சி வேறு. வீடு துடைக்கும்போதும் பாரம் தூக்கும்போதும் இதயம் சிறிது நேரம் வேகமாகத் துடித்துப் பின் தணிந்துவிடும். குனிந்த நாரியும் ஒரே கையும்தான் அதிகம் களைக்கும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டியது, விடாமல் சீராக ஓடும் வேலை. படிப் பயிற்சி அதைத் தருகிறது. தொடைத் தசையும் பிட்டத் தசையும் பலப்படுவதால், வேலையில் குனிந்து நிமிரும்போது நாரியில் விழும் பாரமும் குறையும்.

இதில் நாங்கள் அலட்சியமாக இருக்க முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2002 இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரில், ஐந்து நாடுகளில் இருந்து வந்து குடியேறியோரின் உடல்நலம் ஆராயப்பட்டது. அதில் இலங்கையரும் ஒரு பிரிவினர். ஒஸ்லோவில் வாழும் இலங்கையரில் பெரும்பான்மையோர் தமிழர் என்பது உங்களுக்குத் தெரியும். இலங்கை, பாகிஸ்தான் ஆகிய நாடுகளில் இருந்து வந்தோரிடம் சலரோகம் நோர்வேஜியரை விட மிக அதிகமாகக் காணப்பட்டது. தெற்காசியர்களுக்கு உடம்பு பார்வைக்கு மெலிந்திருந்தாலும் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கின்றது. அதனால்தான் எங்களுக்கு அளவுகோலையும் இறுக்கி வைத்திருக்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினாலே எச்சரிக்கை என்று சர்வதேச சலரோகச் சம்மேளனம் வகுத்துள்ளது. தையல் நாடா ஒன்றை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே சுற்றி, மூச்சை வெளியே விட்டபின் அளந்து பாருங்கள். பயிற்சியைத் தொடங்குமுன் கொப்பியில் எழுத வேண்டிய முதல் இலக்கம் அது.

பலகையும் இடமும்

விளையாட்டுப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஸ்ரெப் பலகை கிடைக்கும். 10, 15, 20 சென்ரிமீற்றர் என்று உயரத்தை மாற்றக்கூடியதாக வாங்குங்கள். தொடங்குவோருக்கு 10 சென்ரிமீற்றரே போதும். மாடிப்படி ஒன்றின் உயரம் வழமையாக 16 முதல் 18 சென்ரிமீற்றர் இருக்கும். ஆகவே மாடிப்படியில் பழகுவது முதல் நாளிலேயே கடினமான உயரத்தில் பழகுவதற்குச் சமம். பலகை வாங்க வசதி இல்லாதவர்கள், கைபிடி உள்ள கீழ்ப்படி ஒன்றில் மெதுவாகச் செய்யலாம். ஆனால் பிளாஸ்ரிக் முக்காலி, மரக்கறிப் பெட்டி, அடுக்கிய புத்தகம் ஆகியவற்றில் ஏற வேண்டாம். ஒரு தடவை சரிந்தால் மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் போகும்.

இங்குள்ள பழைய வீடுகளின் தரை பெரும்பாலும் ஓடு அல்லது மாபிள். பலகைக்குக் கீழே வழுக்காத இறப்பர் விரிப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். அது சத்தத்தையும் குறைக்கும். பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் கீழ்வீட்டுக்காரர் ஓய்வெடுக்கும் நேரத்தைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். வெறுங்காலுடனோ காலுறையுடனோ செய்யக் கூடாது, சப்பாத்து அணிய வேண்டும். சாறி, சாரம், நிலத்தைத் தொடும் நைற்றி ஆகியவை காலில் சிக்கும். பெண்கள் பஞ்சாபிச் சட்டையின் காற்சட்டையுடன், துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யலாம்.

கால் வைக்கும் முறை

அடிப்படை அசைவு நான்கு எண்ணிக்கை கொண்டது. வலது கால் மேலே, இடது கால் மேலே, வலது கால் கீழே, இடது கால் கீழே. இதுவே ஒரு சுற்று. ஒரு நிமிடம் வலது காலை முதலில் வைத்துச் செய்தால், அடுத்த நிமிடம் இடது காலை முதலில் வையுங்கள். ஒரே காலால் தொடர்ந்து ஏறினால் அந்த முழங்கால் மட்டும் தேய்மானக் கணக்கில் போய்விடும்.

இவற்றைக் கவனியுங்கள்:

- பாதம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். குதிக்கால் வெளியே தொங்கக் கூடாது.
- ஏறும்போது முழங்கால் பாதத்தின் நேரே இருக்க வேண்டும். உள்ளே சரியக் கூடாது. முழங்கால் 90 பாகைக்கு மேல் மடிந்தால் பலகை உங்களுக்கு அதிக உயரம் என்று பொருள்.
- இறங்கும்போது பலகைக்கு அருகிலேயே, ஒரு பாத நீளத்துக்குள் கால் வையுங்கள். முதலில் விரற்பக்கம், பிறகு குதிக்கால். குதித்து இறங்க வேண்டாம்.
- பலகைக்கு முன்பக்கமாக இறங்க வேண்டாம். ஏறிய பக்கமே இறங்குங்கள்.
- முதுகு நேராக இருக்கட்டும். நாரியில் வளையாமல், முழு உடம்பும் கணுக்காலில் இருந்து சற்று முன்சாய்ந்தால் போதும்.
- கையில் பாரம் எதுவும் பிடிக்க வேண்டாம். முதல் இரு கிழமைகளுக்குக் கையசைவும் தேவையில்லை. சமநிலை போதாதவர்கள் கனமான கதிரை ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொள்ளலாம்.

அடிப்படை அசைவு கைவந்த பின், ஏறியதும் மற்ற முழங்காலை இடுப்பளவுக்கு உயர்த்தி இறங்கும் அசைவைச் சேர்க்கலாம். பிறகு, மேலே கால்களை அகட்டி வைத்து, கீழே சேர்த்து வைக்கும் அசைவைப் பழகலாம். தொலைக்காட்சியில் காட்டும் சுழற்சிகளும் துள்ளல்களும் எங்களுக்கு அவசரமில்லை.

பாட்டின் வேகம்

பாட்டின் வேகம்தான் பயிற்சியின் வேகம். மணிக்கூட்டைப் பார்த்து 15 செக்கன்களில் எத்தனை தாளம் விழுகிறது என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். தொடங்குவோருக்கு நிமிடத்துக்கு 96 தாளம் போதும், அதாவது நிமிடத்துக்கு 24 சுற்று. பழகிய பின் 120 வரை போகலாம். குத்துப்பாட்டுகள் பல இதைவிட வேகமானவை. கேட்க உற்சாகமாக இருந்தாலும் கால் தடுமாறும். நடுத்தரமான மெல்லிசைப் பாடல்களே தொடக்கத்துக்கு உகந்தவை.

களைப்பை அளக்கக் கருவி தேவையில்லை. பயிற்சி செய்துகொண்டே ஒரு வசனம் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாமல் இருக்க வேண்டும். பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். பாட முடிந்தால் வேகம் போதாது.

எட்டுக் கிழமைத் திட்டம்

முதல் இரு கிழமைகள்: கிழமைக்கு 3 நாள். 3 நிமிடம் நின்ற இடத்தில் நடை, 5 நிமிடம் படி, 2 நிமிடம் மெதுநடை. படியை ஒரு நிமிடம் செய்து அரை நிமிடம் ஆறலாம்.

மூன்றாம், நான்காம் கிழமைகள்: 4 நாள், படியில் 10 நிமிடம்.

ஐந்தாம், ஆறாம் கிழமைகள்: 4 நாள், படியில் 15 நிமிடம்.

ஏழாம், எட்டாம் கிழமைகள்: 5 நாள், படியில் 20 நிமிடம்.

அதற்குப் பிறகு உயரத்தைக் கூட்டலாம், அல்லது வேகத்தைக் கூட்டலாம். இரண்டையும் ஒரே கிழமையில் கூட்ட வேண்டாம். வேலையில் உடம்பு முறிந்த நாளில் ஐந்து நிமிடம் செய்தாலும் போதும். ஆனால் கொப்பியில் அந்த ஐந்து நிமிடத்தையும் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும். எட்டாம் கிழமையில் உங்களுக்குப் படியில் 100 நிமிடம் கிடைத்துவிடும். மிகுதி 50 நிமிடத்தை ஞாயிறு மாலை போரோ இத்தாலிக்கோ கடற்கரைப் புற்றரையில் குடும்பமாக விறுவிறுப்பாக நடந்தால் கணக்குச் சரி. ஆடி, ஆவணி வெயில் நாட்களிலும் சிறொக்கோ காற்று வீசும் நாட்களிலும் விடியற்காலையில் செய்யுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

இந்த ஊரில் வாழும் எங்களுக்குப் படியேறுவது புதிதல்ல. அக்கியனாத்தா என்று இங்கே சொல்லப்படும் கல் பாவிய பாதையால் மொந்தே பெல்லெகிரினோ மலையில் ஏறி, சாந்தா றொசாலியா அம்மாவிடம் போகும் வழக்கம் எங்களில் கிறிஸ்தவர், சைவர் என்ற பேதமில்லாமல் இருக்கிறது. 1624 இல் கொள்ளைநோயில் இருந்து இந்த நகரைக் காத்தவர் என்று பலெர்மோ மக்கள் நம்பும் புனிதர் அவர். அந்தக் கோயில் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 430 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். 10 சென்ரிமீற்றர் பலகையில் நிமிடத்துக்கு 24 தடவை வீதம் 20 நிமிடம் ஏறினால் 480 தடவை, அதாவது 48 மீற்றர். ஒன்பது நாள் செய்தால் 432 மீற்றர். இரண்டு கிழமைக்குள் உங்கள் வீட்டு அறைக்குள்ளேயே அம்மாவின் வாசல் உயரத்துக்கு ஏறிவிடுகிறீர்கள். மலை ஏறும்போது இடையிடையே இருந்து மூச்சு வாங்குகிறவர்கள், இந்த எட்டுக் கிழமைக்குப் பின் புரட்டாதி மாதத் திருவிழாவுக்கு ஏறும்போது வித்தியாசத்தை உணர்வார்கள்.

எடைக் கணக்கு: உள்ளதை உள்ளபடி

இனி, பலரும் கேட்கும் எடை விடயம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் மேற்சொன்ன உயரத்திலும் வேகத்திலும் 20 நிமிடம் செய்தால் சுமார் 100 கலோரி செலவாகும். ஆனால் அந்த 20 நிமிடம் கதிரையில் சும்மா இருந்திருந்தாலும் உடம்பு சுமார் 25 கலோரி செலவழித்திருக்கும். ஆகவே தேறிய செலவு 75 கலோரி. கிழமைக்கு 5 நாள் என்றால் 375. வருடத்தில் 50 கிழமை என்று வைத்தால் 18,750. ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம். எனவே சாப்பாடு மாறாதிருந்தால் ஒரு வருடத்தில் குறையக்கூடியது ஏறக்குறைய இரண்டரைக் கிலோ. "ஒரு மாதத்தில் பத்துக் கிலோ" என்று விளம்பரம் செய்வோரின் கணக்கு எங்கே பிழைக்கிறது என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.

மறுபக்க ஏட்டைப் பாருங்கள். ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 16 கலோரி. இரண்டு கரண்டி போட்டு நாளுக்கு நான்கு தேத்தண்ணி குடிப்பவருக்குச் சீனியில் மட்டும் 128 கலோரி வரவு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120. சமைத்த வெள்ளைச் சோறு ஒரு கோப்பையில் சுமார் 200. பல்லாறோ சந்தையில் நின்று சாப்பிடும் ஒரு அரஞ்சினா, அன்றைய பயிற்சியின் 75 கலோரியைப் பல மடங்கு தாண்டிவிடும். தேத்தண்ணிச் சீனியை விட்டாலே படியில் ஏறியதை விடக் கூடுதலாக மிச்சம். ஆகவே எடை குறைய வேண்டுமானால் படியும் கோப்பையும் சேர்ந்தே வேலை செய்ய வேண்டும். சோற்றை நிறுத்தத் தேவையில்லை. ஒரு அகப்பை குறைத்து, அந்த இடத்தில் கீரையும் பருப்பும் மீனும் வையுங்கள். எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் குறையும் என்பதால், கையில் கிடைக்கும் பலன் ஏட்டுக் கணக்கை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

மனம் தளர வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஓர் ஆதாரம் உண்டு. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2006 இல் வெளியானது. சலரோகத்துக்கு முந்திய நிலையில் இருந்த 531 பேரை மூன்று வருடமளவில் கவனித்தார்கள். வழமையான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 வீதமானோருக்குச் சலரோகம் வந்தது. சாப்பாட்டைத் திருத்தி, நாளுக்கு அரை மணித்தியாலமாவது நடக்கும்படி தொடர்ந்து வழிகாட்டப்பட்டவர்களில் 39 வீதமானோருக்கே வந்தது. நூறு பேருக்குப் பதினாறு பேர் தப்பினார்கள். இதில் முக்கியமானது என்னவென்றால், அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. அவர்கள் செய்தது நடை, நாங்கள் பேசுவது படி. ஆனால் உழைக்கும் தசை இரத்தத்தில் உள்ள சீனியை இழுத்துக்கொள்ளும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே. தராசு அசையவில்லை என்று மூன்றாம் மாதம் பலகையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிடுவோர் இந்தப் பதினாறு பேரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

யார் முதலில் வைத்தியரிடம் போக வேண்டும்?

இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், முழங்கால் தேய்மானம், பாதத்தில் விறைப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், ஐம்பதைத் தாண்டிப் பல வருடமாகப் பயிற்சி செய்யாதவர்களும் தொடங்குமுன் மேதிக்கோ தி பாசேயிடம் கேளுங்கள். மொழி தடையானால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைச் சலரோக மாத்திரை எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் பழச்சாறோ சீனித் தண்ணீரோ குடிக்க வேண்டும். அதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கும் கைக்கும் பரவும் நோவோ வந்தால் வீட்டில் படுத்திருந்து பார்க்க வேண்டாம். 112 ஐ அழையுங்கள்.

வகுப்பில் சேர்ந்து பழக விரும்புவோர் பலெஸ்த்ராவுக்கும் போகலாம். அங்கே வைத்தியச் சான்றிதழ் கேட்பது வழமை. கணக்காளன் என்ற முறையில் ஒரு குறிப்பு: 5 முதல் 18 வயது வரையான பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டணத்தில், பிள்ளை ஒருவருக்கு 210 யூரோ வரையான தொகையின் 19 வீதத்தை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். காசாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடைக்காது. அட்டை அல்லது வங்கி மூலம் செலுத்திப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். பெரியவர்களின் கட்டணத்துக்கு இந்தச் சலுகை இல்லை. பெரியவர்களுக்கு வீட்டுப் பலகையே சிக்கனம்.

நேயர்களே, இந்த நாட்டுக்கு நாங்கள் கொண்டுவந்த முதலீடு எங்கள் உடம்புதான். அதை வைத்தே வாடகை கட்டினோம், பிள்ளைகளைப் படிப்பித்தோம், ஊருக்கும் அனுப்பினோம். எந்த முதலுக்கும் பராமரிப்புச் செலவு உண்டு. இந்த முதலுக்கு அது நாளுக்கு இருபது நிமிடம். இந்தக் கிழமை இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். எட்டுக் கிழமை முடிந்ததும் மறுபடி அளந்து, இரண்டு இலக்கங்களையும் வானொலிக்கு அறியத் தாருங்கள். பெயர் குறிப்பிடாமல் நிகழ்ச்சியில் பேசுவோம்.

அடுத்த மாத உரையில் மீண்டும் சந்திப்போம்.